ஜன்னத்துல் அரீஃபில் ஒரு பகல்

ஸ்பெயின் நாட்டின் கிரனடா நகருக்குச் செல்வோர் அல்ஹம்ராவைக் காணவே செல்கின்றனர். நாங்களும் அவ்வாறே சென்றோம். செந்நிறக் கோட்டை மதில்களையும், சிங்க முற்றத்தின் பளிங்குத் தூண்களையும், ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனுமில்லை’ என்று சுவர்தோறும் பொறிக்கப்பட்டிருக்கும் நஸ்ரி மன்னர்களின் முத்திரை மொழியையும் கண்டு மலைத்து நின்றோம். அந்த மாளிகைகளைப் பற்றி நம்மவர் பலர் எழுதிவிட்டனர். படங்களும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. ஆகவே அல்ஹம்ராவை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது அதற்குக் கிழக்கே, ஒரு சிறு பள்ளத்தைத் தாண்டி, மலைச்சரிவில் இருக்கும் ஒரு தோட்டத்தைப் பற்றியதாகும். ஸ்பானியர் அதனை ‘ஹெனரலீஃபே’ என்கின்றனர். ‘ஜன்னத்துல் அரீஃப்’ என்னும் அரபுப் பெயரே அவர்கள் நாவில் அவ்வாறு தேய்ந்தது. ‘அரீஃப்’ என்பதற்குக் கட்டடக் கலைஞன் என்றும், மேற்பார்வையாளன் என்றும், அறிந்தவன் என்றும் பொருள் கொள்வர். ஆகவே கட்டடக் கலைஞனின் தோட்டம் என்றும் கூறலாம். அறிந்தவனின் தோட்டம் என்றும் கூறலாம். எனக்குப் பின்னது பிடித்திருக்கிறது. அதற்கான காரணம் போகப்போகப் புலப்படும்.

கடந்த ஏப்ரல் மாதம் ஜெர்மனியில் பணியாற்றும் என் மகனிடம் நானும் என் துணைவியாரும் சென்றிருந்தபோது, விடுமுறையில் அவன் எங்களை அங்கே அழைத்துச் சென்றான். பயணத்தின் இடையே எங்களுக்குள் தீராத பேச்சு ஒன்று இருந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஏக்கர் தோட்டம் உண்டு. என் வாப்பா மர்ஹூம் அவர்கள் அதில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார்கள். வாப்பாவுக்குப் பின் வாழை வைத்தோம். பிறகு ஒன்றும் வைக்கவில்லை. இப்பொழுது அதனை வீட்டு மனைகளாக்க ஒருவர் விலை பேசுகிறார். மகன் அதனைக் கொடுத்துவிடலாம் என்கிறான். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நிலையில்தான் நான் ஜன்னத்துல் அரீஃபுக்குள் நுழைந்தேன்.

அதனைப் பூந்தோட்டம் என்று எண்ணிச் செல்வோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். இது முதன்மையாக ஒரு பண்ணை. அந்தலூஸிய முஸ்லிம்களின் காலத்தில் மன்னர்களும் செல்வர்களும் நகருக்கு வெளியே ‘முன்யா’ என்னும் தோட்ட இல்லங்களை வைத்திருந்தனர். ‘முன்யா’ என்றால் விருப்பம், ஆசை என்று பொருள். அரண்மனையின் அலுவல்களிலிருந்து விலகி இளைப்பாறும் இடம் அது. கூடவே காய்கறியும் கனியும் தந்து, கால்நடைகளுக்கும் குதிரைகளுக்கும் மேய்ச்சலும் தந்து, தன் செலவைத் தானே ஈட்டும் நிலமும் அதுவே. சுல்தானின் வீடு வயல்களின் நடுவில் இருந்தது. அவர் சாளரத்தின் வழியே நோக்கினால் கண்ணில் படுவது பாத்தியும் பயிரும் ஆகும். பிற்கால ஐரோப்பிய மன்னர்கள் தம் அரண்மனைகளைச் சுற்றி அமைத்த அலங்காரப் பூங்காக்களில் கத்தரிக்காயை நாம் எதிர்பார்க்க முடியாது. இங்கே எதிர்பார்க்கலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், நஸ்ரி வமிசத்தின் இரண்டாம் சுல்தானாகிய இரண்டாம் முஹம்மத் இத்தோட்ட மாளிகையை எழுப்பியதாகக் கருதப்படுகிறது. அவருக்குப் பின் வந்த முதலாம் இஸ்மாயீல் 1319ஆம் ஆண்டு இதனைப் புதுப்பித்து அழகு செய்தார். அவ்வாண்டு கிரனடாவின் சமவெளியில் நடந்த போரில் காஸ்டீல் நாட்டுப் படை தோற்று, அதன் இளவரசர்கள் பெத்ரோ, ஹுவான் ஆகிய இருவரும் மாண்டனர். அந்த வெற்றியின் நினைவாகப் புலவர் இப்னுல் ஜய்யாப் யாத்த கவிதை மாளிகையின் சுவரில் இன்றும் இருக்கிறது.

ஆனால் மாளிகைக்கு முன்பே வாய்க்கால் இருந்தது. அதுவே இவ்விடத்தின் உயிர்.

நஸ்ரி அரசின் நிறுவனர் முஹம்மத் இப்னுல் அஹ்மர், அர்ஜோனா என்னும் சிற்றூரில் உழவோடு வாழ்ந்தவர் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. 1238ஆம் ஆண்டு அவர் அல்ஹம்ராக் குன்றின் மீது ஏறி இடத்தைப் பார்வையிட்டுக் கோட்டைக்கு அடித்தளம் குறித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் குன்றுக்கு நீரையும் கொண்டுவந்து சேர்த்தார் என்று ஒரு பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. உழவன் ஒருவன் மேட்டு நிலத்தைப் பார்த்ததும் அவன் முதலில் கேட்பது ‘தண்ணீருக்கு என்ன வழி?’ என்பதைத்தானே!

குன்றின் அடியில் தார்ரோ நதி ஓடுகிறது. குன்றோ உயரத்தில் இருக்கிறது. கீழிருக்கும் நீரை மேலே ஏற்றுவது எளிதன்று. ஆகவே அவர்கள் ஆற்றின் மேற்போக்கில் சுமார் 6 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று, ஆறு உயரத்தில் இருக்கும் இடத்தில் அணை கட்டி நீரைத் திருப்பினர். ஆறு தன் பள்ளத்தில் விரைந்து இறங்கிச் செல்ல, வாய்க்காலோ மலைச்சரிவை ஒட்டி மிகச் சிறு சரிவோடு நிதானமாக வந்தது. ஆறு இறங்க இறங்க வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடையே உயரம் கூடிக்கொண்டே போகிறது. முடிவில் நீர் தானாகவே குன்றின் மேல் வந்து நிற்கிறது. பாறை குறுக்கிட்ட இடத்தில் குடைந்திருக்கின்றனர். பள்ளம் குறுக்கிட்ட இடத்தில் தொட்டிப் பாலம் கட்டியிருக்கின்றனர். சரிவு சற்றே கூடினால் கரை அரித்துப் போகும். சற்றே குறைந்தால் வண்டல் படிந்து நீர் நின்றுவிடும். இன்றைய கருவிகள் எவையும் இல்லாத காலத்தில் இந்த மட்டம் பார்த்த மனிதர்கள் எவர் என்பதற்குப் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை.

அந்த வாய்க்காலுக்கு ‘சுல்தானின் சாகியா’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் இன்றும் வாய்க்காலை ‘அஸேக்கியா’ என்றே சொல்கின்றனர். ‘அஸ்ஸாகியா’ என்னும் அரபுச் சொல்தான் அது.

ஜன்னத்துல் அரீஃபை நெருங்கியதும் வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. மேல் வாய்க்கால் தோட்டத்தின் உயர்ந்த அடுக்குகளுக்குச் செல்கிறது. முதன்மை வாய்க்கால் மாளிகையின் முற்றத்தின் ஊடே பாய்ந்து, பிறகு அல்ஹம்ராவுக்குச் செல்கிறது. அதற்கும் மேலே இருந்த நிலங்களுக்கு என் செய்தனர்? மலைக்குள் குடைந்த வழியில் நீரைக் கொண்டு சென்று, கிணறு தோண்டி, நீர்ச்சக்கரத்தால் இறைத்துப் பெருந்தொட்டிகளில் தேக்கி வைத்தனர். அத்தொட்டிகளை இன்றும் காணலாம். இறைக்கும் சக்கரத்துக்கு அரபியில் ‘நாஊரா’, ஸ்பானியத்தில் ‘நோரியா’. தேக்கும் தொட்டிக்கு ‘பிர்கா’, ஸ்பானியத்தில் ‘அல்பெர்கா’. ஆட்சி போனபின்னும் சொற்கள் நீருக்குள்ளேயே தங்கிவிட்டன.

அடைக்கப்பட்ட வாசல்கள் இரண்டைத் தாண்டியே முற்றத்துக்குள் செல்ல வேண்டும். முதல் வாசலருகே குதிரையிலிருந்து இறங்குவோருக்கான கல் மேடைகள் இருக்கின்றன. சுல்தான் அல்ஹம்ராவிலிருந்து வயல்களின் நடுவே மதில் சூழ்ந்த பாதையில் வந்து இங்கே இறங்கியிருப்பார். வாசலின் தோற்றத்தில் ஆடம்பரம் சிறிதுமில்லை. நம் ஊரில் வசதியான பழைய தோட்ட வீட்டின் முன்கட்டுப் போலவே அது எனக்குத் தோன்றிற்று. பின்னர் ஒரு சிறு படிக்கட்டு. ஒரு குறுகிய கதவு. அதன் பின் திடீரென்று நீரின் ஓசை.

வாய்க்கால் முற்றம் ஏறத்தாழ 49 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் உடையது. நடுவே நெடுகிலும் சுல்தானின் சாகியா ஓடுகிறது. மாளிகைக்கென்று தனியே அமைத்த அலங்கார ஓடை என்று பலரும் அதனை எண்ணிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். கோட்டைக்குக் குடிநீராகவும் வயலுக்குப் பாசனமாகவும் செல்லும் அதே நீரைத்தான் அவர்கள் தம் வீட்டு நடு முற்றத்தின் வழியே விட்டிருந்தனர். இரு புறமும் வளைந்து பாய்ந்து நீரின் மேல் வளைவு கட்டும் பீச்சு நீரூற்றுகள் 19ஆம் நூற்றாண்டுக்குப் பின் சேர்க்கப்பட்டவை. அவை அழகானவையே. எனினும் அவற்றின் இரைச்சலில் வாய்க்காலின் மெல்லோசை அமிழ்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம். சற்று நேரம் அவற்றை நிறுத்தினால் நன்றாயிருக்கும் என்று என் துணைவியாரும் சொன்னார்.

1958ஆம் ஆண்டு இங்கே தீவிபத்து நேர்ந்தது. அதனைச் செப்பனிடும் பணியில் தோண்டிப் பார்த்தபோது, இன்றைய மண்ணுக்கு அடியில் முஸ்லிம்களின் காலத்துத் தோட்டத்தின் மட்டம் வெளிப்பட்டது. நீண்ட வாய்க்காலை நடுவில் ஒரு குறுக்குப் பாதை வெட்டி, தோட்டத்தை நான்கு பாகங்களாகப் பிரித்திருக்கிறது. பாத்திகள் நடைபாதையைவிடத் தாழ்வாக இருந்தன. நடப்பவர் கண்ணுக்குப் பூக்களின் தலைகள் பாதையோடு சமமாகத் தெரியும். விரித்த ஜமக்காளத்தின் மேல் நடப்பதைப் போல் இருக்கும். அன்றியும் இன்று மேற்குப் பக்கம் வரிசையாக வளைவுகள் திறந்திருந்து அல்ஹம்ரா தெரிகிறதே, அவை பிற்காலத்தில் திறந்தவை. அன்று அங்கே சுவர்தான். நடுவே இருந்த ஒரேயொரு சிறு மாடத்தில் அமர்ந்தே வெளியுலகைப் பார்க்கலாம். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தடையின்றி உலவுவதற்கான தோட்டமாகவே அதனைக் கட்டியிருக்கின்றனர். பிற்காலத்தார் அதனைக் காட்சி மாடமாக்கிவிட்டனர்.

அடுத்த முற்றத்தில் பட்டுப்போன பழைய சைப்ரஸ் மரம் ஒன்றின் அடிமரம் நிற்கிறது. அரசி ஒருத்தி அம்மரத்தடியில் ஒரு வீரனைக் களவில் சந்தித்தாள் என்றும், அதனால் அவனுடைய குலமே வெட்டுண்டது என்றும் வழிகாட்டிகள் சுவைபடக் கூறுகின்றனர். 1595ஆம் ஆண்டு கினேஸ் பெரேஸ் தெ ஈத்தா என்பவர் அச்சிட்ட புனைகதையிலிருந்து கிளைத்த பேச்சு அது. வாசகர்கள் அங்கே செல்ல நேர்ந்தால் அதற்குச் செவி கொடுக்காமல் மேலே ஏறிவிடலாம்.

மேலேதான் இத்தோட்டத்தின் இணையற்ற பகுதி இருக்கிறது. அது நீர்ப்படிக்கட்டு. மலைச்சரிவில் ஏறும் ஒரு படிக்கட்டு. இரு பக்கமும் இடுப்பளவுச் சுவர். அச்சுவரின் தலையில் கை வைக்கும் இடமெங்கும் வாய்க்கால் குழித்து, அதில் நீர் துள்ளி இறங்குகிறது. இடையிடையே மூன்று வட்ட மேடைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு நீரூற்று. லாரல் மரங்கள் மேலே கூரை போல் கவிந்திருக்கின்றன. நம் வீட்டுப் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலையின் குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. 1526ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்துத் தூதர் ஆந்திரேயா நவகேரோ இங்கு வந்து, கைப்பிடிச் சுவரில் நீர் ஓடும் இப்படிக்கட்டை வியந்து எழுதியிருக்கிறார். முஸ்லிம்களின் ஆட்சி முடிந்து முப்பத்து நான்கே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது.

படிக்கட்டின் உச்சியில் அக்காலத்தில் ஒரு சிறு தொழுமிடம் இருந்தது. ஏறுகிறவர் ஓடும் நீரில் உளூச் செய்துகொண்டு தொழச் சென்றிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இன்று அவ்விடத்தில் 1836ஆம் ஆண்டு கட்டிய ஒரு காட்சி மாடம் நிற்கிறது. நான் கையைச் சுவரின் வாய்க்காலில் வைத்தேன். எலும்பு வரை குளிர்ந்தது. அந்த நீரில் முகம் கழுவி நிமிர்ந்தபோது என் மகன் மேற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

மாளிகையை விட்டு இறங்கும் வழியில்தான் வயல்களைக் கண்டோம். சரிவில் அடுக்கடுக்காகத் தாங்கு சுவர் எழுப்பி மண்ணை நிறுத்தியிருக்கின்றனர். பெரிய தோட்டம், செந்தோட்டம், மெர்ஸெரியா, ஃபுவெந்தெ பேஞா என்று நான்கு பகுதிகள். 14ஆம் நூற்றாண்டில் உழுத அதே அடுக்குகளில் இன்றும் பயிர் வைக்கின்றனர். மன்னர்கள் மாறினர், மதம் மாறிற்று, மொழி மாறிற்று, உழவு நிற்கவில்லை. ஏப்ரலில் கூனைப்பூச் செடிகள் வெள்ளி பூத்த இலைகளோடு வரிசையாக நின்றன. அவரையினத்தைச் சேர்ந்த ‘ஹாபாஸ்’ காய்த்திருந்தது. வரப்போரம் மாதுளையும் அத்தியும் துளிர் விட்டிருந்தன.

அங்கே ஒருவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வெட்டில் கரையைத் திறந்து, நீர் பாத்தியின் கடைசி வரை சென்று திரும்பும் வரை பார்த்திருந்து, மறு வெட்டில் அடைத்து, அடுத்ததைத் திறந்தார். நான் என்னையறியாமல் நின்றுவிட்டேன். கொடிக்காலில் என் வாப்பா நின்ற நிலை அப்படியே அது. கைலி மட்டும்தான் இல்லை. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் வாய்க்காலைச் சுட்டி, “சாகியா” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்து, “அஸேக்கியா” என்றார். எங்கள் உரையாடல் அவ்வளவுதான்.

அதன் பின் ஒரு விளையாட்டுப் போல் என் மகன் ஒவ்வொரு செடியின் ஸ்பானியப் பெயரையும் கைப்பேசியில் பார்த்துச் சொல்ல, நான் அரபி மதரஸாவில் கற்ற மீதியைக் கொண்டு அதன் மூலத்தைத் தேடினேன். கூனைப்பூ ‘அல்கச்சோஃபா’, அது ‘அல்குர்ஷூஃபா’. கத்தரிக்காய் ‘பெரெங்ஹேனா’, அது ‘பாதிஞ்ஜான்’. அரிசி ‘அர்ரோஸ்’, அது ‘அர்ருஸ்’. எண்ணெய் ‘அஸெய்த்தே’, அது நம் வீடுகளில் இருக்கும் ஸைத்தூன் எண்ணெயின் ‘ஸைத்’. முற்றமெங்கும் நறுமணம் வீசும் குறுஞ்செடி வேலிக்கு ‘அர்ராயான்’. அது நம் ‘ரைஹான்’. ஆரஞ்சு ‘நரான்ஹா’ என்றதும் என் துணைவியார், “அது நம்ம நாரத்தை அல்லவா?” என்றார். உண்மைதான். அரபியரின் ‘நாரஞ்ச்’ பாரசீகத்தின் வழியே இந்தியாவிலிருந்து சென்றது. அதன் வேர் திராவிட மொழிகளில் இருக்கிறது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். நாரத்தைச் சொல் நம் பக்கத்திலிருந்து புறப்பட்டு இந்த மலைச்சரிவு வரை பயணம் செய்திருக்கிறது.

இந்த உழவு வெறும் கைப்பழக்கமாக இருக்கவில்லை. அந்தலூஸிய அறிஞர்கள் வேளாண்மையைத் தனியொரு கல்வித்துறையாகவே வளர்த்தனர். தொலேதோவின் இப்னு பஸ்ஸால், கிரனடாவின் அத்திக்னரீ ஆகியோர் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் நூல்கள் எழுதினர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் இயற்றிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ 585 தாவரங்களைக் குறித்துப் பேசுகிறது. மண்ணின் வகை, எரு, ஒட்டுக்கட்டுதல், நீர் கண்டறிதல், கால்நடை என்று அதில் இல்லாத பொருள் அரிது. 1802ஆம் ஆண்டு ஸ்பானிய அரசே அதனை அரபு மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் மத்ரீதில் அச்சிட்டது. விரட்டப்பட்டோரின் நூலிலிருந்து உழவு கற்க வேண்டிய தேவை அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இருந்திருக்கிறது!

ஜன்னத்துல் அரீஃபை அறிந்துகொள்ள இன்னொருவர் நூல் துணை செய்கிறது. அல்மேரியாவின் இப்னு லுயூன் 1348ஆம் ஆண்டு வேளாண்மையைச் செய்யுளாக யாத்தார். தோட்டத்தினுள் வீடு கட்டுவோருக்கு அவர் வழி சொல்கிறார். வீடு மேட்டில் இருக்க வேண்டும். தெற்கு நோக்க வேண்டும். அருகே கிணறோ தொட்டியோ உயரத்தில் இருக்க வேண்டும். அதனை ஒட்டி என்றும் பசுமை மாறாத செடிகள், பிறகு பூக்கள். சற்று விலகி மரங்கள். எல்லையில் திராட்சைப் பந்தல். நடுவில் இருந்து பார்க்க ஒரு மண்டபம். ஜன்னத்துல் அரீஃபில் நின்றுகொண்டு இவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை கண்ணெதிரே நிற்கின்றன.

ஆனால் நூல் எழுதியோர் சிலர். மண்வெட்டி பிடித்தோர் பலர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது?

1492 ஜனவரி 2ஆம் நாள் கடைசி சுல்தான் அபூ அப்துல்லாஹ் கிரனடாவை ஒப்படைத்தார். மார்க்கமும் பள்ளிவாசல்களும் வழக்கங்களும் காக்கப்படும் என்று உடன்படிக்கையில் எழுதித் தரப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் அது காற்றில் பறந்தது. அரபு நூல்கள் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. முஸ்லிம்கள் கிறித்தவராக மாறவேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. மாறியோரையும் ‘மொரிஸ்கோ’ என்று பிரித்தே வைத்தனர். 1567இல் அவர்களது மொழியும் உடையும் தடை செய்யப்பட்டன. மறு ஆண்டு மலைநாட்டில் கிளர்ச்சி எழுந்து ஒடுக்கப்பட்டது; கிரனடாவின் மொரிஸ்கோக்கள் நாட்டின் உட்பகுதிகளுக்குத் துரத்தப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலிருந்தும் அவர்களைக் கடல் கடத்தினர்.

நிலம் இருந்தது, வாய்க்கால் இருந்தது. எந்த மடையை எப்பொழுது திறப்பது, யாருக்கு எத்தனை நாழிகை, எந்த மண் எந்த மாதம் எவ்வளவு நீர் குடிக்கும் என்பதை அறிந்தோர் இல்லை. பனிமலையின் தென்புறத்து அல்புஹாரா ஊர்களில் இன்றும் ஒரு செய்தியைச் சொல்வார்கள். வடக்கிலிருந்து குடியேறியோருக்கு வாய்க்கால்களின் முறையைக் கற்றுக்கொடுப்பதற்கென்று ஊருக்கு இரண்டு மொரிஸ்கோக் குடும்பங்களை மட்டும் நிறுத்திவைத்தார்களாம். அந்த இரு குடும்பங்களை நான் வெகு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றமெல்லாம் போனபின், தம் வீட்டில் வந்து குடியேறியவனை அழைத்துச் சென்று, ‘இது உன் மடை’ என்று காட்டுவது எத்தகைய வேலை!

ஜன்னத்துல் அரீஃபோ 16ஆம் நூற்றாண்டில் கிரனடா வெனேகாஸ் என்னும் குடும்பத்தின் பொறுப்புக்கு வந்தது. நஸ்ரி அரச குலத்தில் பிறந்து மதம் மாறிய சீதி யஹ்யாவின் வழியினர் அவர்கள். பின் மணவுறவுகளால் இத்தாலியப் பிரபுக்களின் கைக்குப் போயிற்று. அரசு அதற்கு உரிமை கோரி ஏறத்தாழ நூறாண்டு வழக்கு நடத்தி, 1921ஆம் ஆண்டுதான் அதனைப் பெற்றது. 1984ஆம் ஆண்டு முதல் அல்ஹம்ராவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கிறது. நுழைவாயிலருகே சைப்ரஸ் வேலிகளால் வெட்டிச் செதுக்கிய தோட்டங்கள் 1930களுக்குப் பின் அமைக்கப்பட்டவை. அவற்றைச் சுல்தான்களின் தோட்டம் என்று எண்ணிவிட வேண்டாம்.

தோட்டத்துக்கு மேலே மலை தொடர்கிறது. சுல்தான்களின் மேய்ச்சல் நிலமாகவும் வேட்டைக் காடாகவும் இருந்த பகுதி அது. இன்று பைன் மரங்களும் ஸைத்தூன் மரங்களும் நிறைந்த பொதுக்காடாக இருக்கிறது. ‘தாருல் அரூஸா’, மணமகள் இல்லம், என்னும் இன்னொரு மாளிகையின் அடித்தளங்களை 1930களில் இங்கே தோண்டி எடுத்தனர். அவ்வளவு உயரத்துக்கும் நீர்ச்சக்கரத்தால் நீர் ஏற்றியிருக்கின்றனர். அங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கில் சியரா நெவாடா என்னும் பனிமலைத் தொடர் வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்கிறது. அதன் உயர்ந்த சிகரம் 3,479 மீட்டர். பெயர் ‘முலாஸேன்’, கடைசி சுல்தானின் தந்தை மௌலாய் ஹசனின் பெயர்தான்.

அந்தப் பனிமலையிலும் ஒரு நீர்நுட்பம் உண்டு. பனி உருகும் காலத்தில் ஓடைநீரை மலைமேல் நீண்ட மண்வாய்க்கால்களில் திருப்பி, மண் நன்கு உறிஞ்சும் இடங்களில் பரவ விட்டுவிடுவர். நீர் மலைக்குள் இறங்கி, வாரங்களோ மாதங்களோ கழிந்து, கோடையில் அடிவாரத்து ஊற்றுகளில் வெளிவரும். மலையையே நீர்த்தொட்டியாக்கும் வித்தை. ஆள் இல்லாமல் தூர்ந்துபோன இத்தகைய வாய்க்கால்களை 2014ஆம் ஆண்டு முதல் கிரனடாப் பல்கலைக்கழகத்தார் ஊர் மக்களோடும் தன்னார்வலரோடும் சேர்ந்து மண்வெட்டியால் மீட்டு வருகின்றனர். வழி காட்டுவோர் கிராமத்து முதியவர்கள்.

மாலையில் ஆற்றைக் கடந்து எதிர்க்குன்றில் உள்ள அல்பைஸீன் குடியிருப்புக்குச் சென்றோம். பழைய முஸ்லிம் குடியிருப்பு அது. 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கிரனடாவில் எழுந்த பள்ளிவாசல். அங்கே அஸர் தொழுதோம். பள்ளிவாசலின் முன்னே சிறு தோட்டம். எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்ஹம்ராவும், அதன் இடப்புறம் ஜன்னத்துல் அரீஃபின் வெண்சுவரும், கீழே பச்சை அடுக்குகளும்.

அங்கே அமர்ந்திருந்தபோது இப்னு பதூதாவின் நினைவு வந்தது. 1350ஆம் ஆண்டு வாக்கில் அவர் இந்நகருக்கு வந்தார். சுல்தான் முதலாம் யூசுஃப் உடல்நலமின்றி இருந்ததால் சந்திக்க இயலவில்லை. சுல்தானின் தாயார் பொற்காசுகள் அனுப்பி உபசரித்தார். நகரைச் சூழ்ந்த தோட்டங்களைப் போல் வேறெங்கும் கண்டதில்லை என்னும் கருத்தை அவர் பதிவு செய்திருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர் நம் மதுரையில் இருந்தார். அங்கே கடுங்காய்ச்சலில் விழுந்து, புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாக அவரே கூறுகிறார். கிரனடாவில் அவர் கண்ட ஃபக்கீர்களில் சமர்கந்து, தப்ரீஸ், கூனியாவைச் சேர்ந்தோரோடு இந்தியர் இருவரும் இருந்தனர். தம் சொந்த நாடுகளை ஒத்திருப்பதால் இங்கேயே தங்கிவிட்டனராம்.

இதனை மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுக்கொண்டே எதிர்ச்சரிவைப் பார்த்திருந்தான். பிறகு, “வாப்பா, நம்ம தோட்டத்துக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் வரும்?” என்று கேட்டான்.

“மூன்றாம் மடை” என்றேன்.

“நமக்கு எத்தனை மணி நேரம்?”

எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் ஓர் இரவும் மறுநாள் பகலில் ஒரு பகுதியும் என்று நினைவு. அதனை எப்படி அளந்தார்கள், நமக்கு முன் யார், நமக்குப் பின் யார் என்பதை வாப்பாவும், மடை திறப்பவரும் அறிந்திருந்தனர். இருவரும் இன்று இல்லை. சிறு வயதில் அகத்தி நிழலில் அமர்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர, நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

“பெரிய வாப்பாவுக்குத் தெரிந்திருக்குமா?” என்றான். என் மூத்த சகோதரர் ஊரில்தான் இருக்கிறார்கள், எண்பத்திரண்டு வயது. ஊரில் இஷாவுக்குப் பிந்திய நேரம். மகன் கைப்பேசியில் அழைத்தான். அவர்கள் எடுத்ததும், நலம் விசாரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “இந்நேரத்தில் மடையைப் பற்றி என்ன கேள்வி?” என்ற குரல் எனக்கும் கேட்டது. தொடர்ந்து அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். என் மகன் சட்டைப் பையைத் தடவி, என் துணைவியாரிடம் கை நீட்டி, எழுதுகோல் கேட்டான்.